மதுரை ஏட்டின் தம்பதியர்: ஒரு குடும்ப ஓவியத்தை வாசித்தல்

குடும்பத்தைத் தீட்டிய ஓவியம் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். போர்க்களத்தையோ அரசவையையோ காட்டும் படத்தின் முன் நிற்கும்போது, இதை வரையச் சொன்னவர் யார், எந்த நோக்கத்தோடு சொன்னார் என்று வினவத் தோன்றுகிறது. கணவனும் மனைவியும் அருகருகே நிற்கும் படத்தைக் கண்டால் அவ்வினா எழுவதில்லை. எங்கும் உள்ளதுதானே, என்றும் உள்ளதுதானே என்று கடந்து போகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்ப ஓவியங்களின் சமுதாயப் பொருளை அறிய முற்படுவோர் முதலில் தாண்டவேண்டிய இடர் இதுவே. ஓவியத் திறனாய்வு ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் உரிய பணியா என்று சிலர் கேட்கக்கூடும். ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் ஏடு மதுரையில், ஒரு மிஷன் பள்ளியின் ஆசிரியர் கையால் உருவானது. அதைப் படிக்கும் கடமை வேறு எவரைக் காட்டிலும் நமக்கே மிகுதி.

அந்த ஏடு 1837-ஆம் ஆண்டுக்குரியது. 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்' என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். தலைப்புப் பக்கத்தில் ஆங்கிலம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் இடம்பெறுகின்றன. உள்ளே கையால் வண்ணந்தீட்டிய 72 படங்கள். அக்காலத்து மதுரையில் காணப்பட்ட பல்வேறு சாதி, சமய, இனப் பிரிவுகளைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் அவற்றில் நிற்கிறார்கள். ஒவ்வொரு படத்திற்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு உண்டு. இதை ஆக்கியவர் மதுரையில் அமெரிக்க மிஷனெரிகள் நிறுவிய ஆங்கிலப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருந்த இந்தியர். வில்லியம் ட்வைனிங் என்னும் போதகருக்கு இது அளிக்கப்பட்டது. இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்கள் யாவும் படமெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டிருப்பதால், கடல் கடந்து செல்லாமலே நம் மாணவர்கள் இவற்றைக் காண இயலும்.

காலத்தைச் சற்று நினைவிற்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்து தங்கியது 1834-இல். வட்டுக்கோட்டைச் செமினரியைக் கட்டியெழுப்பிய டானியேல் பூவர் அதன் பின் இங்கு வந்து ஊரெங்கும் பள்ளிகளைத் திறந்தார். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்கு, அதாவது திருப்பரங்குன்றத்துப் பாறை கண்ணெதிரே தெரியும் இடத்திற்கு மாறியது. அக்காலத்தை ஒட்டியே கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்துப் புதிய வீதிகள் அமைத்தார். ஊரின் மதில் வீழ்ந்துகொண்டிருந்த நாட்களில், ஊர்மக்களைப் பக்கத்துக்கு ஒரு சாதியாகப் பிரித்து வைத்த ஏடும் எழுதப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வேடு தனித்துப் பிறந்ததன்று. ஐரோப்பியர் விரும்பி வாங்கியதால் வளர்ந்த ஓவிய மரபொன்று அப்போது தென்னாட்டில் இருந்தது. 'கம்பெனி ஓவியம்' எனக் கலை வரலாற்றாளர் அதை வழங்குவர். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் அது செழித்தது. திருச்சிராப்பள்ளியில் மைக்காத் தகடுகளில் தீட்டிய சிறு படங்கள் தொகுதி தொகுதியாக விற்பனையாயின. தாயகம் திரும்பும் அதிகாரி, 'நான் பார்த்த நாடு இது' என்று காட்டுவதற்கு இவை உதவின. இத்தொகுப்புகளில் மிகுதியும் காணப்படும் அமைப்பு ஒன்றே: ஓர் ஆண், அவனருகே ஒரு பெண், கையில் தொழிற்கருவி, கீழே சாதிப்பெயர். குயவர் என்றால் பானை, வண்ணார் என்றால் துணிமூட்டை, மரமேறுவோர் என்றால் கலயமும் அரிவாளும். உயர்நிலையினராகக் கருதப்பட்டோரின் பெண்களுக்கு அணிகலனும், உழைப்பாளர் பெண்களுக்குச் சுமையும் கிடைப்பதையும் கவனிக்கிறோம். ஒருவகையில் ஓவியர் உண்மையையே சொல்லியிருக்கிறார். உழைக்கும் குடிகளில் மனைவியும் தொழிலாளி. ஏட்டுப் பக்கத்திலும் அவளுக்கு ஓய்வில்லை.

இந்த மதுரை ஏட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒன்றையே கூறுவர். மேலைநாட்டுச் செல்வாக்குப் படிவதற்கு முன் இப்பகுதி மக்கள் உடுத்திய உடையையும் பூண்ட நகையையும் காட்டும் அரிய சான்று இது என்பர். அது மெய்தான். சேலைக்கட்டின் வகை, காதணியின் பருமன், தலைப்பாகையின் சுற்று ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இது பெரும் புதையல். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்ளும் வாசிப்பை நாம் ஏற்பதற்கில்லை. உடையை மட்டும் காட்டுவதே நோக்கமாயின் ஆண்கள் யாவரையும் ஒரு வரிசையாகவும் பெண்கள் யாவரையும் வேறொரு வரிசையாகவும் தீட்டியிருக்கலாம். இணையாக ஏன் நிறுத்தவேண்டும்? இங்குதான் சமுதாயப் பொருள் தொடங்குகிறது.

'மாதிரி' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். அது தாவரவியலார் வழங்கிய சொல். தரங்கம்பாடியிலும் பின்பு சென்னையிலும் ஊழியம் செய்து 1836-இல் மறைந்த ராட்லர், தமிழ் அகராதி தொகுத்தவர். செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பியவரும் ஆவார். உலர்செடித் தாள் எப்படி இருக்கும்? வேர், இலை, பூ யாவும் தெரியுமாறு செடி தட்டையாக ஒட்டப்பட்டிருக்கும். அடியில் பெயர்ச்சீட்டு. மண் மட்டும் இராது. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாக இருக்கும் இனமாயின் இரண்டும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் இனத்தின் விவரம் நிறைவுறும். மதுரை ஏட்டின் பக்கத்தை இத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், பெண் ஏன் அங்கு நிற்கிறாள் என்பது விளங்குகிறது. தன் இனத்தை நிறைவுசெய்ய நிற்கிறாள். ஆணின் சாதி எதுவோ அதுவே அவள் சாதி என்பதற்கு அவளே சான்று. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையும் அதே பக்கத்துக்கு உரியது. வேறு பக்கத்துக்குப் போக வழியில்லை. சாதியின் உயிர்நிலை அகமணம் என்பதைப் பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கர் 1916-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆய்ந்து நிறுவினார். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்துப் பயிற்சி ஆசிரியர் ஒருவரின் தூரிகை, விளக்கம் ஏதும் கூறாமல், அதே உண்மையைப் பக்கத்துக்குப் பக்கம் பதிந்திருக்கிறது.

அப்பக்கங்களில் வீடு வரையப்படவில்லை. அடுப்பு இல்லை, திண்ணை இல்லை, மாமியாரும் பாட்டனும் இல்லை. அக்காலக் குடும்பம் எதற்கும் இன்றியமையாதிருந்த கூட்டமும் கூச்சலும் நீக்கப்பட்டுவிட்டன. முகங்களிலும் தனித்தன்மை குறைவு. இவர் இன்னார் என்று அடையாளம் காட்டும் தழும்போ களைப்போ இல்லை. குறிப்பில் ஆளின் பெயரும் இல்லை. ஆகவே இதைக் குடும்ப ஓவியம் என்று கூறும்போது கவனம் வேண்டும். குடும்பத்திலிருந்து வாழ்வை வடித்தெடுத்துவிட்டு, சாதியைக் கடத்தும் இணையை மட்டும் மிச்சம் வைத்த ஓவியம் இது. பின்வந்த அரசாங்கத் தொகுப்புகள் இம்முறையையே பெருக்கின. வாட்சனும் கேயும் பதிப்பித்த 'இந்திய மக்கள்' என்னும் எட்டுத் தொகுதிகள் (1868–1875) ஒளிப்படத்தால் செய்ததும், எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' என்னும் ஏழு தொகுதிகள் செய்ததும் இதே வேலைதான். அளவுகோலும் புள்ளிவிவரமும் சேர்ந்துகொண்டன, அவ்வளவே.

ஓவியர்மீது மட்டும் பழியைப் போடுவது நேர்மையாகாது. இணையாக உருவங்களை நிறுத்தும் வழக்கத்தை அவர் ஐரோப்பியரிடம் கற்கவில்லை. நாயக்கர் காலத்து மண்டபத் தூண்கள் அதைக் கற்பித்திருந்தன. புதுமண்டபத்தில் அரசர் தம் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார். ஆயிரங்கால் மண்டபத்தில் குறவனும் குறத்தியும் நிற்கின்றனர். குறத்தியின் கூடையும் இடுப்புக் குழந்தையும் கல்லில் உயிரோடு இருக்கின்றன. திருப்பரங்குன்றத்தில் முருகன் தெய்வானையை மணக்கும் கோலம் ஊர் முழுமைக்கும் தெரிந்த காட்சி. சிற்பமாக மட்டுமன்று, ஆண்டுதோறும் பங்குனியில் அத்திருமணம் நிகழும்போது, மகன் மணத்துக்குப் பெற்றோர் வரவேண்டுமென்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மதுரையிலிருந்து பல்லக்கில் வருகின்றனர். சித்திரையில் மீனாட்சியின் மணத்துக்கு இங்கிருந்து முருகன் போகிறார்; தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் உடன்போகிறார். மதுரைச் சமவெளி மக்கள் கண்ட குடும்பப் படம் இத்தகையது. தாய் தந்தை, மாமன், சீர்வரிசை, வழிநடை, ஊர்க்கூட்டம் யாவும் அதில் உண்டு. பிற சமயத்தார் காட்சியாயினும், குடும்பம் என்பதைத் தமிழர் எவ்வாறு கண்ணால் உணர்ந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இதன் அருகே ஏட்டுத் தம்பதியரை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய தனிமை நம்மைத் துணுக்குறச் செய்கிறது. அவர்களுக்கு மணம் செய்வித்தவர் யாரும் அப்பக்கத்தில் இல்லை. சாதிப்பெயரே அவர்களுக்கு மணம் செய்துவைத்ததுபோல் நிற்கிறார்கள்.

இதனால் கோயில் ஓவியம் சாதியற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. தெய்வானை இந்திரன் மகள், தந்தை பார்த்துக் கொடுத்த பெண். வேடர்குலத்து வள்ளியோ முருகனே தேடிச்சென்று மணந்தவள். இருவரையும் இருபுறம் நிறுத்திய படம், இரவிவர்மா அச்சகம் போன்றவற்றின் வண்ண அச்சாகத் தமிழ் இல்லங்கள்தோறும் பரவியது. குலம் கடந்த மணம் நடந்த கடவுளின் குடும்பப் படம் சுவரில் தொங்க, அதன் கீழேயே அமர்ந்து, 'நம் சனத்தில் பெண் இருக்கிறதா' என்று பேசியவர்கள் நம் மக்கள். படம் ஒன்றைச் சொல்ல, வீடு வேறொன்றைச் செய்தது. வணங்கும் படத்தைத் தம் வாழ்வின் படமாக அவர்கள் வாசிக்கவில்லை. இக்குறை அவர்களுக்கு மட்டும் உரியதா என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

இதே நூற்றாண்டில் பிற இடங்களில் குடும்பத்தைத் தீட்டியோர் எவற்றைக் காட்டினர், எவற்றை மறைத்தனர் என்பதையும் ஓரளவு நோக்குதல் நலம். ஆங்கில ஓவியர் அகஸ்டஸ் எக் 1858-இல் மூன்று படங்கள் கொண்ட தொடரொன்றை இலண்டனில் காட்சிக்கு வைத்தார். முதற்படத்தில் நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடம். கணவன் கையில் மனைவியின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படுத்தும் கடிதம். அவள் தரையில் விழுந்து கிடக்கிறாள். பிள்ளைகள் சீட்டுக்கட்டால் கட்டிய வீடு சரிகிறது. இரண்டாக வெட்டிய ஆப்பிள் ஒன்று. சுவரில் ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து துரத்தப்படும் படம். அங்கே பொருள் முழுவதும் அறைகலன்களிலும் கண்ணாடியிலும் சுவரிலும் ஏற்றப்பட்டிருக்கிறது. வீடே சாட்சி சொல்கிறது. ஆனால் சொத்துரிமை, ஆணுக்கு ஒரு நீதி பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் வழக்கு ஆகியவற்றை மறைத்து, எல்லாவற்றையும் ஏவாளின் பழைய குற்றமாகவே காட்டும் போக்கும் அதில் உண்டு. திருமறையை அணிகலனாகப் பயன்படுத்திச் சமுதாய அநீதியை மூடிமறைப்பது எவ்வாறு என்பதற்கு அப்படம் நல்ல பாடம். மறுபுறம், மூன்றாம் படத்தில் அப்பெண்ணைப் பாலத்தடியில் குழந்தையோடு அனாதையாக அமர்த்தியபோது ஓவியருக்கே மனம் இரங்கியது போலும். தீர்ப்பை விடத் துயரமே அங்கு மேலோங்குகிறது.

நமக்கு இன்னும் அண்மையில், திருவிதாங்கூரில் இராஜா இரவிவர்மா 1893-இல் 'அதோ அப்பா வருகிறார்' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அவ்வாண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்களுள் இதுவும் ஒன்று. குழந்தையை இடுப்பில் ஏந்திய இளந்தாய், வரும் தந்தையைச் சுட்டிக்காட்டுகிறாள். காலடியில் ஒரு நாய். அவருடைய மகளே தாயின் உருவுக்கு மாதிரியாக அமைந்தார். காண்பதற்கு எவ்வளவு இயல்பான காட்சி! எனினும் மருமக்கள் வழி நிலவிய சமுதாயத்தில், குழந்தை சேர்ந்தது தாயின் தறவாட்டுக்கு, அதிகாரம் தாய்மாமனுக்கு. தந்தையின் வருகையை எதிர்நோக்கும் தாயும் சேயும் அங்கு புதிய குடும்பத்தின் அறிவிப்பு. மலபார்த் திருமண ஆணையம் 1891-இல் அமர்ந்து விசாரித்தது, 1896-இல் சட்டம் வந்தது. இரண்டிற்கும் இடையில் தீட்டப்பட்ட படம் இது. தந்தை சட்டகத்துக்கு வெளியே இருந்தும் படம் முழுவதையும் ஆள்கிறார். தாய்மாமனோ படத்திலும் இல்லை, படத்துக்கு வெளியே எதிர்பார்க்கப்படவும் இல்லை. ஒரு குடும்ப ஓவியத்தில் இல்லாதவர் யார் என்று கேட்பதே பெரும்பாலும் அதை வாசிக்கும் திறவுகோல்.

இனி நம் சபைக்கு வருவோம். மதுரை ஏடு உருவாகிப் பத்தாண்டுகளுக்குள், பசுமலையில் செமினரி அமைந்து இரண்டே ஆண்டுகளில், சாதிச் சிக்கல் மதுரை மிஷனில் வெடித்தது. 1847-இல் மிஷன் கண்டிப்பான முடிவெடுத்தது. சாதியை விட்டுவிட்டதற்கு அடையாளமாக ஊழியரும் சபையாரும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும். மறுப்போருக்குச் சபையுறவு இல்லை. அன்பின் விருந்து என அது அழைக்கப்பட்டது. உபதேசிமார் பலர் இதனால் விலக்கப்பட்டனர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடும் ஏறத்தாழ இதே வழியைப் பரிந்துரைத்தது. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரௌல் இச்சோதனையை எதிர்த்து, சாதியைச் சமுதாய வழக்கமாகவே கொள்ளலாம் என்று வாதிட்டார். அன்று நடந்த வாதப்பிரதிவாதங்களின் சூடு தமிழ்ச் சபை வரலாற்றைப் படித்தோர்க்குத் தெரியும். கிரௌலின் நிலைப்பாட்டை நாம் ஏற்கவில்லை. ஆயின் மதுரை மிஷனெரிகளின் துணிவைப் போற்றும் நாம் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அவர்கள் சோதித்தது பந்தியை. சாதி குடிகொண்டிருந்ததோ கொள்வினை கொடுப்பினையில். தங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரே அதை 1837-இல் வண்ணத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஓவியத்தில் எவரும் சேர்ந்து உண்ணவில்லை. எவரும் உணவை மறுக்கவுமில்லை. இணையாக நிற்கிறார்கள், அவ்வளவே. அந்த ஏட்டை விந்தைப் பொருளாக ஏற்று அனுப்பிவைத்தோர், அது தங்களுக்கே எழுதப்பட்ட மடல் என்பதை உணரவில்லை.

திருமணத்தை எவரும் கட்டளையிட இயலாது என்பது உண்மை. மிஷன் அதைக் கட்டாயப்படுத்தாததைக் குறைகூறவும் நாம் முன்வரவில்லை. ஆயினும் விளைவு கண்கூடு. பந்தி கலந்தது. இன்று ஒரு சபை விருந்தில் யார் பரிமாறினார் என்று கேட்பார் அரிது. அதே சபையில் மணமகள் தேவை என்று விளம்பரம் தருவோர், சபைப் பிரிவின் பெயரை எழுதிய உடனே உட்பிரிவின் பெயரையும் எழுதுகின்றனர். கிறிஸ்தவ வார இதழ்களின் பின்பக்கங்களைப் புரட்டுவோர்க்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. அங்கே 'மாதிரிகள்' இன்றும் இணைதேடிக்கொண்டிருக்கின்றன.

இவ்விடத்தில் இன்னொரு ஏட்டை மதுரை ஏட்டின் அருகே வைக்க விரும்புகிறோம்: நம் ஆலயங்களின் திருமணப் பதிவேடு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த அப்பதிவேட்டில் மணமக்களின் பெயர், வயது, நிலை, தொழில், வசிப்பிடம், தந்தை பெயர், சாட்சிகளின் கையொப்பம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. ஓவிய ஏட்டில் சாதி உண்டு, பெயர் இல்லை. பதிவேட்டில் பெயர் உண்டு, சாதி இல்லை. ஆளைப் பெயரிட்டு அழைப்பது சிறிய மாற்றமன்று. குயவர், வண்ணார் என்று மட்டுமே எழுதப்பட்டிருந்த பெண், தன் பெயரைச் சொல்லி, 'சம்மதம்' என்று தன் வாயால் கூறி, கையொப்பமோ கீறலோ இடும் நிலை அதனால் வந்தது. நற்செய்தி இந்நாட்டில் செய்த அரும்பணிகளுள் அதையும் எண்ணவேண்டும். ஆனால் அப்பதிவேட்டின் பழைய பக்கங்களை ஆயர்கள் பொறுமையோடு புரட்டி, தொழிலையும் ஊரையும் தந்தை பெயரையும் ஒப்புநோக்கினால், காணாத கட்டமும் நிரப்பப்பட்டிருப்பதைக் காண்பார்கள். ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்படுகிறது. தடை உண்டா என்று சபையாரிடம் கேட்கப்படுகிறது. தடையின்றி வந்து சேருமாறு எல்லாம் அதற்கு முன்பே வீட்டுக் கூடத்தில் முடிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்பட நிலையம் வந்தபோது கிறிஸ்தவக் குடும்பங்களும் படம் எடுத்துக்கொண்டன. நாற்காலி, திரைச்சீலை, முக்காலியில் பூச்சாடி, மடியில் திருமறை. பழைய போதகர் வீட்டுக் கூடங்களில் இவை இன்றும் தொங்குகின்றன. தொழிற்கருவிக்குப் பதிலாகப் புத்தகம் கைக்கு வந்தது. இதில் விடுதலை உண்டு என்பதை மறுக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கிய பெண்ணின் பேத்தி, நூலேந்தி நாற்காலியில் அமர்ந்தாள். எனினும் அச்சட்டகத்துக்குள் வந்து அமர யாருக்கு இடம் கிடைத்தது, எந்த மருமகளின் படம் சுவரில் ஏறவேயில்லை என்பது அவ்வீட்டாருக்குத் தெரியும். இரவிவர்மாவின் ஓவியத்தில் கேட்ட வினாவை இங்கும் கேட்கவேண்டியிருக்கிறது.

மத்தேயுவின் முதல் அதிகாரத்தை நாம் வாசிக்கும் முறை இதனால் மாறவேண்டும். பெயர்களின் நீண்ட வரிசை என்று மாணவர்கள் அதைத் தாவிவிடுகின்றனர். அது ஆண்டவரின் குடும்பப் படம். தந்தை வழி ஒழுங்காகச் செல்லும் வரிசையில் தாமாரும் ராகாபும் ரூத்தும் உரியாவின் மனைவியும் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். எஸ்றா பத்தாம் அதிகாரம் அந்நிய மனைவியரை அனுப்பிவிடச் சொன்ன மரபை அறிந்தே மத்தேயு இவர்களைப் பெயர்சொல்லி எழுதுகிறார். உரியாவின் மனைவியைக் கணவன் பெயரால் சுட்டுவதிலும் தாவீதின் குற்றத்தை மறக்கவிடாத கூர்மை உண்டு. மதுரை ஏட்டின் முறைப்படி மத்தேயு எழுதியிருந்தால் மோவாபியப் பெண்ணுக்கு வேறொரு பக்கம் ஒதுக்கியிருப்பார். ஒரே பக்கத்தில் எழுதினார். இப்பகுதியைக் கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறுகளில் பிரசங்கிக்கும் ஆயர்கள், அதே வாரத்தில் ஓலை வாசிக்கப்படும் மணங்களோடு அதை இணைத்துப் பேசத் தயங்குவது ஏன் என்று கேட்கிறோம்.

பந்தியின் மதிப்பைக் குறைத்துப் பேசினோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தெயோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்கள் அன்போடு அழைத்தபடி பரட்டை அண்ணன், ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பதையே இறைமக்களின் குடும்பமாகக் கண்டு பாடல் புனைந்தார். 1847-ஆம் ஆண்டின் விருந்துக்கும் இவர் பேசிய உலைக்கும் வேறுபாடு பெரிது. முன்னது ஒரு நாள் சோதனை. உண்டு எழுந்து, கைகழுவி, அவரவர் வீட்டுக்குப் போகலாம். உலையோ வீட்டுக்குள் இருப்பது. அரிசியைக் கொண்டுவந்தவர், தண்ணீர் எடுத்தவர், ஊதி எரித்தவர் யாவரும் அங்கே உறவினர். மதுரை ஏட்டில் விடுபட்டுப்போன அடுப்பு அதுதான். பரட்டை அண்ணனின் உருவகத்தை வழிபாட்டுப் பாடலாக மட்டும் பாடிவிட்டுப் போவதும் ஒருவகையில் பழைய விருந்தையே மீண்டும் நடத்துவதாகும்.

மேய்ப்புப்பணி வகுப்புகளில் திருமண ஆயத்தம் பற்றிக் கற்பிக்கும்போது, ஆலோசனை முறைகளை மட்டும் விரித்துரைப்பதோடு, இம்மதுரை ஏட்டின் சில பக்கங்களைத் திரையில் காட்டி மாணவரைப் பேசவிடலாம் என்பது நம் கருத்து. சாதிப்பெயர்க் குறிப்பை முதலில் மறைத்துவைத்து, தம்பதியரை மட்டும் காட்டுக. இவர்கள் யார், எதைக்கொண்டு அறிந்தீர்கள் என்று கேட்கலாம். மாணவர்கள் உடையையும் நகையையும் நிறத்தையும் வைத்துத் தயக்கமின்றி விடை சொல்வார்கள். பிறகு குறிப்பைத் திறந்து காட்டலாம். அதன்பின் தம் சொந்தச் சபையின் பதிவேட்டிலிருந்து, பெயர்களை நீக்கி, ஊரும் தொழிலும் மட்டும் எழுதிய பத்துத் திருமணங்களை அவர்கள்முன் வைக்கலாம். அவற்றையும் அதே விரைவில் அவர்கள் வாசித்துவிடுகிறார்களா என்று ஆசிரியர் கவனிக்கட்டும்.